வலது காதில் மண்

தொண்ணூறுகளின் கடைசியில் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஒரு சந்தில் நான் கேசட் கடை வைத்திருந்தேன். கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு டெக், ஒரு ஆம்ப்ளிபயர், முழங்கால் இடிக்கிற மேசை, அவ்வளவுதான். பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு வந்து தருவார்கள், காலிக் கேசட்டில் பதிந்து கொடுப்பேன். கல்யாண வீட்டுக்காரர்கள் வருவார்கள், மினி பஸ் டிரைவர்கள் வருவார்கள், காதலில் விழுந்தவர்கள் வருவார்கள். ஒரே பாட்டை ஒரு நாளைக்கு இருபது தடவை கேட்டால் எவனுக்கும் கிறுக்குப் பிடிக்கும். எனக்குப் பாட்டு என்றாலே கடுப்பு வந்துவிட்டது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன்னால் இரண்டு நொடி வெறும் இரைச்சல் வருமே, அது ஒன்றுதான் நிம்மதியாக இருந்தது.

இதை வாய்விட்டுப் புலம்பப் போய்த்தான் அண்ணாச்சி பழக்கமானார். மாதா கோயில் பாடற்குழுவுக்குக் கித்தார் வாசிப்பவர், நாற்பது வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவர். காலிக் கேசட் வாங்க வந்தவர் என் புலம்பலைக் கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "நாலு சுவத்துக்குள்ள பாடுன பாட்டு சவம்ல தம்பி. வெளிய கொண்டு போயி வெயில்ல போட்டாத்தான் அதுக்கு உசுரு வரும்" என்றார். பேச்சோடு நிற்கிற ஆள் இல்லை. துபாயில் இருக்கும் சொந்தக்காரர் அனுப்பிய ரெக்கார்டர் ஒன்று அவரிடம் இருந்தது. தோளில் மாட்டிக்கொள்ளலாம், இரண்டு மைக் போடலாம், இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று என்று தனித்தனியாகப் பதியும். அதைத் தூக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய மொபெட்டில் கிளம்பிவிடுவோம்.

குளத்தூருக்கு அந்தப் பக்கம் உப்பளத்தில் உப்பு வாருகிற சத்தத்தோடு அவர் குழல் ஊதினார், பதிந்தோம். நாகலாபுரம் பக்கம் ஒரு வறண்ட கிணற்றுக்குள் மண்பானையை இறக்கி, அதன் வாயில் ஊதி, புறாக்கள் படபடத்துக் கிளம்பியதைப் பதிந்தோம். செம்மறிக் கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து உறுமி மேளத்தின் தோலை வளைந்த குச்சியால் இழுத்தார். ஆடுகள் மிரண்டு ஓடியதும் மேய்ப்பவர் திட்டியதும் சேர்ந்தே பதிவாயின. கேட்பதற்கு ஆள் கிடையாது. கடையில் ஒரு தடவை அந்த உப்புச் சத்தத்தைப் போட்டபோது, "டேப்பு சிக்கிட்டுல்லா" என்று ஒருவர் அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வருசம் மழை சுத்தமாக இல்லை. மழை பொய்த்தால் எங்கள் பக்கத்து ஊர்களில் கொடும்பாவி கட்டி இழுப்பார்கள். சோளத்தட்டையில் ஆள் உருவம் செய்து, சட்டை வேட்டி உடுத்தி, செத்தவரைக் கொண்டுபோவது மாதிரித் தெருத்தெருவாக இழுத்துப் போவார்கள். பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைப்பார்கள். கடைசியில் ஊருக்கு வெளியே வைத்து எரித்துவிட்டுத் தலை முழுகுவார்கள். ஊரின் பாவம் அதோடு போகும், வானம் மனம் இளகும் என்பது நம்பிக்கை. அதைப் பதியலாம் என்று ஒரு ஊருக்குப் போனோம். ஒப்பாரி தொடங்கியதும் ஒருவர் வெடி வைத்தார். இன்னொருவர் தள்ளாடி வந்து எங்கள் மைக்கைப் பிடித்து "ஹலோ, ஹலோ, ஒன் டூ த்ரீ" என்றார். திரும்பி ஊருக்குள் நுழையும்போதுதான் அண்ணாச்சி வாயைத் திறந்தார். ஒரே ஒரு குரல், எதிரே ஒரு உருவம், சுற்றிலும் வெறும் காடு. இவ்வளவு போதும், நாமே செய்வோம் என்றார்.

எங்கள் ஊரில் காடு என்றால் மரங்கள் அல்ல, விதைக்கிற நிலம்தான். எப்போதும்வென்றானைத் தாண்டிய ஒரு பருத்திக் காட்டை அண்ணாச்சி பார்த்து வைத்தார். காய்ந்த பருத்திமாரைப் பிடுங்கி எடுத்த காடு, வெடித்துக் கிடந்தது. கரிசல் மண் கோடையில் எப்படி வெடிக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கையை விட்டால் தோள் வரை போகும், அடியைத் தொட முடியாது. நேரம் நடுப்பகல் என்று முடிவு செய்தவன் நான். காலையில் ஆட்டு மணி, மத்தியானம் தாண்டினால் மேற்கிலிருந்து மேகாற்று. உச்சிப் பொழுதில்தான் குருவிகூட வாயைத் திறக்காது. அந்த நேரத்தில் காட்டுப்பக்கம் ஆள் நடமாட்டமும் இருக்காது. உச்சி உருமத்தில் வெட்டவெளியில் நிற்கக் கூடாது, அதது உலாவுகிற நேரம் என்பார்கள். அதெல்லாம் நம்புகிற ஆள் இல்லை நான். எனக்கு வேண்டியது நிசப்தம், அது அங்கே இலவசமாகக் கிடைத்தது.

பாடுவதற்கு ஒரு அக்கா சம்மதித்தார். ஐம்பது வயதிருக்கும், ஆடு மேய்ப்பவர். சுற்றுவட்டாரத்தில் எங்கே சாவு விழுந்தாலும் ஆள் அனுப்பி அவரை அழைத்துப் போவார்கள். அவர் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார்.

"வெறும் மைக்கப் பாத்து எப்பிடி அழ? முன்னால ஒண்ணு கெடக்கணும்லா. நான் தட்டையக் கட்டி வச்சிருதேன். நீங்க சட்ட துணி கொண்டாங்க."

நான் செய்த தப்பு இங்கே தொடங்குகிறது. வீட்டிலிருந்த என் சட்டைகளை எல்லாம் மைக் முன்னால் கசக்கிப் பார்த்தேன். எல்லாம் டெரிகாட்டன், மொறுமொறு என்று இரைந்தன. அந்த அக்கா உருவத்தை மடியில் எடுப்பார், அணைப்பார், சட்டை சத்தம் போட்டால் பதிவு பாழ். சத்தமே போடாத சட்டை எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது என் அண்ணனுடையது.

அண்ணன் போய் அப்போது ஏழு வருசம். இருபது வயதில், ஒரு சித்திரை மாதம், கோவில்பட்டி ஸ்டேஷனில் வடக்கே போகிற ரயிலில் ஏறினான் என்று பார்த்த ஒருவர் சொன்னார். கடிதம் இல்லை, சேதி இல்லை. அப்பா எங்கள் சின்ன வயதிலேயே தவறிவிட்டார். வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்வருவாள். அண்ணன் விட்டுப்போன அந்த வெளிர்நீலப் பருத்திச் சட்டையை மாதம் ஒரு தடவை துவைத்து, நிழலில் காயவைத்து, மடித்துத் தகரப் பெட்டியில் வைப்பாள். துவைத்துத் துவைத்து அந்தத் துணி வாழை இலைக் குருத்து மாதிரி ஆகிவிட்டது. எவ்வளவு கசக்கினாலும் ஹெட்போனில் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு ஏற்பட்ட சந்தோசத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை அம்மா வேலைக்குப் போனதும் பெட்டியைத் திறந்து எடுத்தேன். சாயங்காலம் திரும்ப வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது.

பதினொன்றரைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அக்காவின் ஆடுகள் தள்ளி ஒரு உடைமரத்தடியில் படுத்திருந்தன. வெடிப்பை ஒட்டி, தெற்கே தலை வைத்து, தட்டையில் கட்டிய உருவம் கிடந்தது. முகம் என்று ஒன்றும் வைக்கவில்லை. நான் சட்டையை அதற்குப் போட்டுவிட்டேன். இடது மைக்கை அக்காவுக்கு முன்னால் நட்டோம். வலது மைக்கைப் பஞ்சும் வேட்டித் துணியும் சுற்றி வயரோடு வெடிப்புக்குள் இறக்கினோம். ஆறு அடி வயர், முழுவதும் உள்ளே போய்விட்டது. அண்ணாச்சி வெடிப்புக்கு அந்தப் பக்கம் உறுமியோடு உட்கார்ந்தார். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பட்டனை அழுத்தினேன். ஆரம்பப் பேச்சையும் சேர்த்துப் பதிவது என் பழக்கம்.

அக்கா சட்டைக் கையைத் தொட்டுப் பார்த்தார். காலரைத் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தார்.

"இது ஆரு சட்ட தம்பி?"

"பழைய சட்டக்கா. பாத்திரக்காரனுக்குப் போட வச்சிருந்தது."

"பாத்திரக்காரனுக்குப் போடுற சட்டைய இப்பிடி ஆரு துவைப்பா? உசுரோட இருக்கவுக துணிய இதுக்குப் போடக் கூடாது, தெரியும்லா? சாவு வீட்டுல கேட்டு வாங்கணும்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு மணி நேரத்தில் காற்று கிளம்பிவிடும், அவர் பாடியாக வேண்டும். எனக்கு அது மட்டும்தான் மண்டையில் ஓடியது.

"செத்தவர் சட்டதான்க்கா" என்றேன்.

வாய் தவறி வந்த வார்த்தை என்று பிற்பாடு பல தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். வாய் ஒன்றும் தவறவில்லை.

அக்கா தலைமுடியை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்தார். அண்ணாச்சி உறுமியை இழுத்தார். அந்த முனகல் என் வலது காதில் வெடிப்புக்குள்ளிருந்து, கனமாக, கொஞ்சம் பிந்தி வந்தது. அப்புறம் இடது காதில் அக்கா தொடங்கினார். கொடும்பாவிக்குப் பாடுகிற ஊர்ப்பொதுவான ஒப்பாரியைத்தான் நாங்கள் எதிர்பார்த்தோம். அவர் அதைப் பாடவில்லை. அந்தச் சட்டையைப் பார்த்துப் பார்த்துப் பாடினார். நெட்டையான மகனே என்றார், கம்மங்கஞ்சி குடித்த வாயே என்றார். பிறகு சட்டையின் பொத்தான்களைத் தடவினார். நாலு பொத்தான் வெள்ளை நூலில், ஒன்று மட்டும் கறுப்பு நூலில் தைத்திருந்தது.

*மாசம் ஒருக்கா அலசி வச்சேன்*
*மடிப்புக் கலையாம எடுத்து வச்சேன்*
*பொத்தான் உதுந்த எடத்திலெல்லாம்*
*பொழுது மங்க நூலு வச்சேன்*
*தச்ச சட்ட இங்க கெடக்க – என்*
*தங்கமே தோளு எங்க போச்சு?*

மாதம் ஒருமுறை துவைப்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை, அண்ணாச்சியிடம்கூட. துணியைப் பார்த்தே படித்துவிட்டார் என்று இப்போது நியாயம் சொல்லலாம். அந்த நேரத்தில், அந்த வெயிலில், நிழலே விழாத அந்தக் காட்டில், எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் அம்மா அங்கே உட்கார்ந்து அழுவதாகத் தோன்றியது. அக்கா உருவத்தைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். வேர்வையும் கண்ணீரும் சட்டையில் இறங்கின. அண்ணாச்சி வாசிப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தார்.

பன்னிரண்டு நிமிசம் பாடியிருப்பார். நிறுத்தினார். இடது காது அமைதியானது.

வலது காதில் பாட்டு நிற்கவில்லை.

வார்த்தை கிடையாது. வாயை மூடிக்கொண்டு முனகுகிற சத்தம். அக்கா பாடிய அதே மெட்டு, ஒரு அடி பிந்தி, அங்கங்கே சுருதி விலகி. அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் இரண்டு கையும் முழங்காலில் இருந்தன. அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். ஹெட்போனைக் கழற்றினேன். வெளியே ஒன்றுமே கேட்கவில்லை, வெயில் மட்டும் இருந்தது. திரும்ப மாட்டினேன். அப்போதும் முனகிக்கொண்டிருந்தது. எட்டு நொடியோ பத்து நொடியோ கழித்து, மூச்சு முட்டி நிறுத்தின மாதிரி நின்றது. தள்ளி நின்ற உடைமரத்தில் காய்ந்த நெற்றுகள் சலசலத்தன. காற்று இன்னும் கிளம்பவில்லை.

என் அண்ணனுக்குப் பாட வராது. ரேடியோவில் பாட்டு ஓடினால் கூடவே முனகுவான், எப்போதும் ஒரு அடி பிந்தி. "நீ பாட்டுக்குப் பின்னால நொண்டிட்டே வருத" என்று நான் கேலி செய்வேன். அது அந்த இடத்தில் நினைவுக்கு வந்திருக்க வேண்டாம்.

எழுந்ததும் அக்கா தீப்பெட்டி கேட்டார். சட்டையோடு சேர்த்து எரிக்க வேண்டும், எரித்துவிட்டுக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். நான் குனிந்து சட்டையைக் கழற்றினேன். தட்டையை மட்டும் எரிக்கலாம் என்றேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தச் சட்டக்காரன் உசுரோட இருந்தா நான் செஞ்சது பாவம். இல்லன்னா இதத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோறியே, நீ செய்யுதது பாவம். ரெண்டுல எதுன்னு ஒனக்காவது தெரியுமா?"

அவர் கொண்டுவந்த தண்ணீரைக்கூட எங்களுக்குத் தராமல் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

கடையில் வந்து போட்டுக் கேட்டபோது அண்ணாச்சி மேசையைக் குத்தினார். "ஏலே, இதுக்குத்தாம்ல இத்தன நாள் அலைஞ்சோம்!" வெடிப்பு உள்ளுக்குள் எவ்வளவு தூரம் போகும் என்று யாருக்குத் தெரியும், சத்தம் சுற்றிவிட்டு வர நேரம் ஆகியிருக்கும் என்று விளக்கினார். அடுத்த ஞாயிறு போய்க் கைதட்டிச் சோதித்துப் பார்க்கலாம் என்றார். சனிக்கிழமை மழை பெய்தது. கோடை மழைதான், ஆனாலும் ஒரு மணி நேரம் கொட்டியது. ஞாயிற்றுக்கிழமை போனபோது கரிசல் ஊறி உப்பி, வெடிப்பெல்லாம் மூடிக்கொண்டிருந்தது. மைக் இறக்கிய இடம் எதுவென்றே எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. செருப்பில் அப்பிய சேற்றோடு திரும்பினோம்.

அன்று நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா நடுவீட்டில் உட்கார்ந்திருந்தாள். தகரப் பெட்டி திறந்திருந்தது, சட்டை மடியில் கிடந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் மடித்து வைத்த மடிப்பு அவள் மடிப்பு இல்லை. காலரில் சோளத்தட்டையின் சொணை ஒட்டியிருந்தது. என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்தேன். அவள் முகம் நான் நினைத்த மாதிரி இல்லை. ஏழு வருசத்தில் நான் பார்க்காத வெளிச்சம் அதில் இருந்தது.

"எய்யா, பெரியவன் வந்தானா?"

நான் சேற்றுக் காலோடு அங்கேயே நின்றேன்.

"வந்திருக்காம்ல. நான் ஆபீசுக்குப் போயிருந்தப்ப வந்திருக்கான். சாவி வைக்குற எடம் அவனுக்குத் தெரியும்லா? சட்டைய எடுத்துப் போட்டுப் பாத்திருக்கான். மோந்து பாரு, ஆளு வேர்வை அடிக்குது."

வீட்டுச் சாவியை நிலைக்கு மேலே ஓட்டு இடுக்கில்தான் வைப்போம். பூட்டு மாறியும்கூட அந்த இடத்தை மாற்ற அவள் விட்டதில்லை. சட்டையை என் மூக்கருகே நீட்டினாள். வேர்வை அடிக்கத்தான் செய்தது. அது அந்த அக்காவின் வேர்வை. அந்த நேரத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால், அவன் செத்துவிட்டான் என்று ஒருத்தியிடம் சொல்லி, அவனுக்கு ஒப்பாரி வைத்துப் பதிந்துகொண்டு வந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். "இருக்கும்மா" என்றேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான்.

மறுநாளிலிருந்து அவள் வேலைக்குப் போகவில்லை. அண்ணனுக்குப் பிடித்த சீனியவரைக்காயைத் தினமும் பொரித்து மூடி வைத்தாள். ராத்திரியில் கதவைத் தாழ் போடாமல் வெறுமனே சாத்தி வைத்தாள். வரிசை வீடுகளில் ஒன்று விடாமல் போய்ச் சொன்னாள். பெண்கள் ஒவ்வொருத்தராக வந்து சட்டையை முகர்ந்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி, இரண்டு நாளைக்கு முன்னால் உச்சிவெயிலில் நம் தெருவில் நீலச் சட்டை போட்ட ஒருவர் போனதைப் பார்த்தேன் என்றாள். அவள் பொய் சொல்கிறவள் இல்லை. யாரையோ பார்த்திருப்பாள். ஆனால் அன்றிலிருந்து கடைவிட்டு வரும்போது எங்கள் வாசலில் புதுச் செருப்பு கிடக்கிறதா என்று என் கண்ணும் பார்க்கத் தொடங்கியது. பகலில் கடையில் ஆள் இல்லாத நேரம் அந்த எட்டு நொடியைப் போட்டுப் போட்டுக் கேட்டேன். கேட்கக் கேட்க அது அவனாகத்தான் இருந்தது. மண்ணுக்குள்ளிருந்து அவன் முனகினால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு, அம்மா போட்ட சீனியவரைக்காயைத் தின்றேன்.

மூன்றாவது வாரம் ஒரு நாள் மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். கதவு அகலத் திறந்திருந்தது, உள்ளே யாரும் இல்லை. அம்மா, அம்மா என்று பின்பக்கம் போய்த் தேடிவிட்டுத் தெருவுக்கு வந்தேன். எங்கள் வாசலுக்கு எதிரே இருந்த குட்டிச்சுவருக்குப் பின்னால், கொதிக்கிற வெயிலில், வெறுங்காலோடு, சேலையை முக்காடாகப் போட்டுக்கொண்டு அவள் நின்றுகொண்டிருந்தாள். சுவரிலிருந்த ஓட்டை வழியாக எங்கள் வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏலே, போயிரு" என்று கிசுகிசுத்தாள். "நான் இருந்தா வர மாட்டேங்கான். இல்லாதப்பத்தான் வாரான். அதான் ஒளிஞ்சு நிக்கேன். நீயும் நிக்காத, போ."

அவள் கால் கொப்புளித்திருந்தது. இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுசனே இல்லை.

அன்று சாயங்காலம் கடையிலிருந்து ரெக்கார்டரைக் கொண்டுவந்தேன். என் வாயால் சொல்ல வரவில்லை, டேப் சொல்லட்டும் என்று முழுவதையும் போட்டேன். சாவு விழாத வீட்டில் ஒப்பாரிச் சத்தம் கேட்கக் கூடாது. அதனால் ஹெட்போனை அவள் காதில் மாட்டினேன். அதன் பிறகு எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ரெக்கார்டரின் கவுண்டரில் எண்கள் ஓடுவதையும் அவள் முகத்தையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த எண்ணில் என்ன வரும் என்று எனக்கு மனப்பாடம். "செத்தவர் சட்டதான்க்கா" வருகிற இடம் வந்தது. அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அடித்திருக்கலாம். பார்த்தாள், பிறகு குனிந்துகொண்டாள்.

பாட்டு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், காது அடைத்தவர்கள் பேசுவது மாதிரி, உரக்கச் சொன்னாள்.

"நெட்டையா? அவன் எங்க நெட்ட? கைதான் நீளம்."

இன்னும் கொஞ்சம் போனது.

"கம்மங்கஞ்சியா? கம்பு அவனுக்கு ஆவாது, மேலெல்லாம் தடிச்சிரும். இவளுக்கு ஆரு சொன்னது இதெல்லாம்?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. பிறகு பொத்தான் வருகிற இடம். வலது கைப் பெருவிரலால் ஆள்காட்டி விரலின் நுனியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள், ஊசி ஏறுகிற இடத்தை. ஓடி முடிகிறவரை கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

எண் வந்தது. அக்கா பாட்டை நிறுத்துகிற எண். போதும் என்று நான் ஹெட்போனைக் கழற்றக் கையை நீட்டினேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"இரு. இன்னும் முடியல."

வலது பக்க ஹெட்போனை உள்ளங்கையால் காதோடு அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டாள். எட்டு நொடி எவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் தலை மிக லேசாக, பாட்டுக்கு ஒரு அடி பிந்தி, ஆடியது. பிறகு தானே ஹெட்போனைக் கழற்றித் தரையில் வைத்தாள்.

"எம்மா" என்றேன். "அது அவனாம்மா?"

"இல்லல" என்றாள் உடனே. "அவன் தொண்ட கட்டத் தொண்டல்லா? இது ஆரோ. இது அவன் இல்ல. நீ பயப்படாத."

சொல்லிவிட்டு எழுந்து விளக்கை ஏற்றினாள். பிறகு வாசலுக்குப் போனாள். விளக்கு வைக்கிற நேரத்தில் எங்கள் தெருவில் யாரும் கதவைச் சாத்த மாட்டார்கள், வீட்டுக்கு வருகிற லட்சுமி திரும்பிப் போய்விடுவாள் என்பார்கள். அம்மா கதவைச் சாத்தினாள். மூன்று வாரமாகப் போடாத தாழ்ப்பாளை இழுத்துப் போட்டாள். என்னைப் பார்க்காமல் என்னைக் கடந்து அடுப்படிக்குப் போனாள்.

நான் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டேப்பில் முனகியது அவன் இல்லையென்றால் அவன் இன்னும் வரக்கூடும், பிறகு எதற்கு அவள் தாழ்ப்பாள் போட வேண்டும்? போடாதம்மா என்று கத்த வேண்டும் போல இருந்தது. ஏழு வருசம் அவள் ஒருத்தியாகச் சுமந்ததை இப்போது இறக்கி வைத்துவிட்டாள். இறக்கி வைக்கச் செய்தவன் நான்தான், ஆனால் எனக்குத் தாங்க முடியவில்லை.

எழுந்து போய், சத்தம் வராமல் தாழ்ப்பாளை விலக்கினேன். சத்தத்தோடு பிழைப்பு நடத்துகிறவன், எனக்குத் தெரியும், பழைய இரும்பு எவ்வளவு மெதுவாக விலக்கினாலும் காட்டிக்கொடுத்துவிடும். அடுப்படியில் அரிசி களைகிற சத்தம் நின்றது. நான் தாழ்ப்பாளில் வைத்த கையை எடுக்காமல் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் மறுபடியும் அரிசி களையத் தொடங்கினாள்.